எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு போட்டால் எத்தனை நாளில் பதில் வரவேண்டும்? சட்டத்தைப் படிக்காதவர்கள்கூட முப்பது நாள் என்பார்கள். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் என எந்த ஏ.ஐ. செயலியிடம் கேட்டாலும் அதே முப்பதுதான் வரும். தப்பில்லை, சட்டத்தின் 7(1) பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் முப்பத்தெட்டாம் நாள் பதில் கிடைத்த ஒருவர், அலுவலர் தாமதித்துவிட்டார் என்று மேல்முறையீட்டுக்குக் கிளம்பினால் இந்த ஒற்றை எண் அவருக்குத் துணை நிற்காமல் போகலாம். கேட்ட தகவல் மூன்றாம் நபர் சம்பந்தப்பட்டதாக இருந்து, அவருடைய கருத்தையும் கேட்டிருந்தால், 11ஆம் பிரிவின்படி நாற்பது நாள். மனுவை உதவிப் பொதுத் தகவல் அலுவலரிடம் கொடுத்திருந்தால் ஐந்து நாள் கூடும். நகலுக்குக் கூடுதல் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பிய நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் கணக்கிலேயே வராது. ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். விலக்கு பெற்ற உளவு, பாதுகாப்பு அமைப்புகளிடம் மனித உரிமை மீறல் பற்றிக் கேட்டால், தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாள். இத்தனையும் 2005ஆம் ஆண்டின் அந்த ஒரே சட்டத்தில், 31 பிரிவுகளுக்குள், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கின்றன.

சட்டத்தின் பி.டி.எஃப். கோப்பை ஏற்றி "சுருக்கித் தா" என்று கேட்டால் முப்பது நாள் கிடைக்கும். அநேகமாக 48 மணி நேரமும் கிடைக்கும். மற்றவை வந்தாலும் வரலாம், விட்டும் போகலாம். அதே கோப்பை வைத்துக்கொண்டு இப்படியும் கேட்கலாம்: "இணைத்துள்ள சட்ட வாசகத்தில் கால வரம்பு சொல்லப்படும் எல்லா இடங்களையும் எடுத்துத் தா. ஒவ்வொன்றுக்கும் பிரிவு எண், யாருக்குப் பொருந்தும், எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், எந்தக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்று எழுது. அந்த வரியை மூலத்தில் உள்ளபடியே கீழே கொடு. வரம்புரைகளை விடாதே. கோப்பில் இல்லாத எதையும் சேர்க்காதே. வாசகம் தெளிவாக இல்லையென்றால், தெளிவாக இல்லை என்றே சொல்." இதற்குப் பதிலாகக் கிடைப்பது ஒரு பட்டியல். அதன் ஒவ்வொரு வரியிலும் பிரிவு எண் இருக்கிறது, மூல வாசகம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அந்தப் பிரிவைத் திறந்து அரை நிமிடத்தில் ஒத்துப் பார்த்துவிடலாம். முதல் பதிலில் ஒத்துப் பார்க்க எதுவுமே இல்லை. நம்புவதா வேண்டாமா என்ற ஒரே தேர்வுதான் படிப்பவருக்கு மிஞ்சுகிறது.

ஏ.ஐ.யிடம் நாம் எழுதிக் கேட்கும் கேள்விக்கும் இடும் பணிக்கும் ப்ராம்ப்ட் என்று பெயர். நல்ல ப்ராம்ப்ட் எது என்பது பற்றி ஏராளமான அறிவுரைகள் உலவுகின்றன. 'நீ முப்பது ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியர்' என்று தொடங்கச் சொல்கிறார்கள். 'மிகத் துல்லியமாகப் பதில் சொல்' என்று சேர்க்கச் சொல்கிறார்கள். இத்தகைய வாக்கியங்கள் பதிலின் நடையை மாற்றும், சில வேளை உதவவும் செய்யும். ஆனால் ஆவணங்களைப் படிக்கவும் ஆய்வு செய்யவும் ஏ.ஐ.யைப் பயன்படுத்துவோருக்கு முக்கியமானது வேறு என்பதே என் வாதம். வரும் பதிலைக் கேட்டவரே சரிபார்க்க முடிய வேண்டும். சரிபார்ப்பதற்கான இடத்தைப் பதிலே சுட்டிக்காட்ட வேண்டும். இப்படி ஒரு பதிலை வரவழைக்கும் கேள்வியே ஆய்வுக்குரிய கேள்வி. மற்றவை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் வதந்தியைச் செம்மையான நடையில் கேட்டு வாங்குவதற்கே பயன்படும்.

சுருக்கம் ஏன் விதிவிலக்குகளைத் தின்றுவிடுகிறது? முன்னால் உள்ள சொற்களை வைத்து, அடுத்து வரத்தக்க சொல் துணுக்கைக் கணித்துக் கணித்து எழுதிப் போவதே இந்தச் செயலிகளின் அடிப்படை வேலை. கோடிக்கணக்கான பக்கங்களில் ஒரு செய்தி எந்த வடிவில் அடிக்கடி வந்திருக்கிறதோ அந்த வடிவத்தை நோக்கி அவற்றின் பதில் சாய்கிறது. 'முப்பது நாள்' எங்கும் இருக்கிறது. கட்டணக் கடிதத்துக்கான கழிவு எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. இது ஊகம் மட்டுமல்ல. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊவே பீட்டர்ஸும் அவருடைய சக ஆய்வாளர் பெஞ்சமின் சின்-யீயும் 2025இல் ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து ஏ.ஐ. மாதிரிகளிடம் அறிவியல், மருத்துவக் கட்டுரைகளைக் கொடுத்து வாங்கிய 4,900 சுருக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டார்கள். மூலக் கட்டுரை சொல்லாத அளவுக்கு முடிவைப் பொதுமைப்படுத்திவிடும் போக்கு, மனிதர்கள் எழுதிய சுருக்கங்களைவிட இவற்றில் ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம். 'இந்தச் சோதனையில் பங்கேற்றவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைந்தது' என்பது போன்ற வரி, 'இந்த மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்' என்று மாறிப்போவதுதான் இந்தத் தவறின் வடிவம். யாருக்கு, எத்தனை பேருக்கு, எத்தனை வாரம் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. 'துல்லியமாகச் சுருக்கு, தவறு நேரக் கூடாது' என்று சேர்த்துக் கேட்டபோது மிகைப் பொதுமை குறையவில்லை. ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பழைய மாதிரிகளைவிடப் புதியவை பல இதில் மோசமாக நடந்துகொண்டன. துல்லியமாக இரு என்று கட்டளையிடுவதும் துல்லியத்தைச் சோதிக்க வழி வைப்பதும் வேறுவேறு வேலைகள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஒரு மருத்துவக் கட்டுரையை ஏற்றுகிறவர் "இதன் முடிவு என்ன?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எத்தனை பேரிடம், எந்த நாட்டில், எவ்வளவு காலம் சோதித்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? முடிவைச் சொல்லும் வாக்கியத்தையும், தங்கள் ஆய்வின் குறைகளாக அவர்களே ஒப்புக்கொள்ளும் வாக்கியங்களையும் மாற்றாமல் எடுத்துத் தா" என்று கேட்கலாம். குறைகளைச் சொல்லும் பத்தி அநேகமாக எல்லா நல்ல ஆய்வுக் கட்டுரைகளிலும் இருக்கும். சுருக்கத்தில் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

'இல்லை' என்று சொல்லும் வழியைக் கேள்வியிலேயே திறந்து வைப்பதும் இதைப்போல முக்கியம். கேட்டதை எப்படியாவது கொடுத்துவிடப் பார்ப்பது இந்தச் செயலிகளின் இயல்பு. 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விமான நிறுவனம் ஒன்றின் மீது தொடுக்கப்பட்ட இழப்பீட்டு வழக்கில், பயணியின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் பல முன்தீர்ப்புகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தபோது அவற்றில் பல கிடைக்கவே இல்லை. அவை சாட்ஜிபிடி இட்டுக்கட்டியவை. அந்த ஆண்டு ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். இந்தச் செய்தி பலருக்கும் தெரிந்திருக்கும். அவ்வளவாகக் கவனிக்கப்படாதது வேறொன்று: அந்த வழக்கறிஞர்களில் ஒருவர் சரிபார்க்காமல் விட்டுவிடவில்லை. 'இந்த வழக்கு உண்மையானதா?' என்று அதே சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார். உண்மைதான், புகழ்பெற்ற சட்டத் தரவுத்தளங்களில் இருக்கிறது என்று அதுவும் பதில் சொல்லியிருக்கிறது. சாட்சி சொல்பவரிடமே சாட்சியம் உண்மையா என்று கேட்டு அமைந்துவிட்டார். சரிபார்ப்பு என்பது பதிலைத் தந்த உரையாடலுக்கு வெளியே, மூலத்தில் நடக்க வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்த வேண்டும். ஏ.ஐ. தன் பயிற்சியின்போது உள்வாங்கியதிலிருந்து பதில் சொல்வது ஒன்று. நாம் கையில் கொடுத்த ஆவணத்திலிருந்து பதில் சொல்வது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையே எடுத்துக்கொள்வோம். தனிநபர் தகவலைத் தர மறுக்கும் பிரிவு அது. பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தகவலை மறுக்கலாம், பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று அதில் பல நிபந்தனைகள் இருந்தன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவின் வழியாக இவற்றையெல்லாம் நீக்கி, தனிநபர் தொடர்பான தகவல் என்ற அளவில் பிரிவைச் சுருக்கிவிட்டது. இந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் கருதித் தகவல் தர இடமளிக்கும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. இருபது ஆண்டுகளாக எழுதப்பட்ட கட்டுரைகளும் தீர்ப்புகளும் கையேடுகளும் பழைய வாசகத்தையே பேசுவதால், கோப்பு எதுவும் கொடுக்காமல் கேட்டால் பழைய வாசகம் வரும் வாய்ப்பு அதிகம். இணையத்தில் கிடைக்கும் பழைய பி.டி.எஃப்.ஐக் கொடுத்துக் கேட்டால் நிலைமை இன்னும் சிக்கல். பிரிவு எண் சரியாக இருக்கும், மேற்கோள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும், சட்டம் மட்டும் அது அல்ல. ஆகவே நான் வலியுறுத்தும் முறைக்கும் ஓர் எல்லை உண்டு: மூலத்தோடு ஒத்துப் பார்ப்பது மூலம் சரியானதாக இருக்கும்வரைதான் காப்பாற்றும். எந்த நாள்வரை திருத்தப்பட்ட பிரதி என்பதைக் கோப்பை ஏற்றும் முன்பே பார்த்துக்கொள்வது படிப்பவரின் பொறுப்பு.

ஆவணம் நீளமாக இருந்தால் வேறு தொல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நெல்சன் லியூவும் அவருடைய குழுவினரும் 2023இல் ஒரு சோதனை செய்தார்கள். பல ஆவணங்களை அடுக்கிக் கொடுத்து, விடை உள்ள ஆவணத்தை முதலிலும் நடுவிலும் கடைசியிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார்கள். தொடக்கத்திலோ முடிவிலோ இருந்தபோது நன்றாகப் பதில் சொன்ன மாதிரிகள், நடுவில் இருந்தபோது தடுமாறின. பின்னால் வந்த மாதிரிகள் இதில் முன்னேறியிருக்கின்றன என்றாலும், நூற்றுக்கணக்கான பக்கமுள்ள தணிக்கை அறிக்கையையோ ஆய்வேட்டையோ ஒரே கேள்வியில் அடக்கப் பார்ப்பதைவிட அத்தியாயம் அத்தியாயமாகக் கேட்பதே இன்றும் நல்லது. வேறு சில சேவைகள் ஆவணத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டு, கேள்விக்குப் பொருத்தமாகப் படும் துண்டுகளை மட்டும் எடுத்துப் பார்த்துப் பதில் சொல்கின்றன. முழு ஆவணத்தையும் படித்தாக வேண்டிய கேள்விக்கு அந்த முறை ஒத்துவராது. கூகுளின் நோட்புக்எல்எம் போன்ற கருவிகள் பதிலின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் போட்டு, அதைத் தொட்டால் மூலத்தின் உரிய இடத்துக்குக் கொண்டு போகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் எண் இருப்பதனாலேயே வரி சரியென்று ஆகிவிடாது. அங்கே போய்ப் படித்தால் பேசப்படும் பொருள் அதுவாக இருந்தும், சொல்லப்பட்ட முடிவு அதில் இல்லாமல் இருக்கலாம்.

தமிழ் ஆவணங்களைப் படிக்கிறவர்களுக்கு வேறு தடைகளும் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சான பி.டி.எஃப்.கள் இன்னும் ஏராளமாகப் புழங்குகின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் பக்கம், உள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக இருக்கும். அதை அப்படியே உறிஞ்சும் செயலி, புரிந்த துணுக்குகளை வைத்து மீதியை நிரப்பிவிடக்கூடும். ஸ்கேன் செய்த பழைய பத்திரங்களில் தமிழ் எண்கள் வரும்: ௧ என்ற ஒன்றுக்கும் க என்ற எழுத்துக்கும் கண்ணில் படும் வேறுபாடு இல்லை, ௨, உ இரண்டும் அப்படியே, ௭ ஏழா எகரமா என்பது இடத்தைப் பார்த்துத்தான் தெரியும். பரப்பளவோ தொகையோ ஓர் எழுத்தாக வாசிக்கப்பட்டால் அதன்பின் எவ்வளவு நல்ல கேள்வி கேட்டும் பயனில்லை. அதனால் எந்தத் தமிழ்க் கோப்பானாலும் முதல் கேள்வி, "பத்தாம் பக்கத்தின் இரண்டாம் பத்தியை அப்படியே எழுதிக் காட்டு" என்பதாக இருக்கட்டும். ஒத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மேலே போகலாம். செலவும் ஒரு காலத்தில் பெருந்தடையாக இருந்தது. ஏ.ஐ. எழுத்தைத் துணுக்குகளாக உடைத்துத்தான் படிக்கிறது. தமிழ் அளவுக்கு மீறி உடைபட்டது. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரே செய்திக்குத் தமிழில் முன்பு 116 துணுக்குகள் தேவைப்பட்டன, புதிய முறையில் 35 போதும். ஆங்கிலத்துக்கு 24. இடைவெளி வெகுவாகக் குறைந்திருக்கிறது, மறையவில்லை.

இவ்வளவு சரிபார்க்க வேண்டுமென்றால் ஏ.ஐ. எதற்கு, நேராகப் படித்துவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. தேடிக் கண்டுபிடிப்பதும் கண்டுபிடித்ததைச் சரிபார்ப்பதும் ஒரே உழைப்பைக் கேட்பவை அல்ல என்பதே இதற்குப் பதில். ஒரு சட்டத்தின் கால வரம்புகளை முதலிலிருந்து வாசித்துத் திரட்ட ஒரு மாலைப்பொழுது போகலாம். திரட்டிய பட்டியலைப் பிரிவு எண்ணோடு ஒத்துப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். மிச்சமாகும் நேரம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. அதை மறைக்கக் கூடாது. பட்டியலில் இருப்பதைச் சரிபார்க்கலாம், பட்டியலிலிருந்து விட்டுப்போனதை எப்படிச் சரிபார்ப்பது? இதற்குக் கணினியின் பழைய தேடு பெட்டியே துணை. கோப்பில் நாள் என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் தேடிப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வெறும் தேடலும் போதாது: நாள் என்று தேடுகிறவருக்கு 48 மணி நேரம் கிடைக்காது, 8(3) பிரிவின் இருபது ஆண்டும் கிடைக்காது. தேடல் ஒரு சொல்லையும் விடாது, பொருளை அறியாது, ஏ.ஐ. பொருளைப் பிடிக்கும், இடங்களை விட்டுவிடும். இரண்டையும் ஒன்றன்மீது ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஓட்டை சிறிதாகிறது. நூலைப் படித்து மகிழ வேண்டிய இடத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாவலுக்கும் கவிதைக்கும் சரிபார்ப்பு என்ற ஒன்றே இல்லை. அவற்றைப் படிப்பதுதான் வேலை.

ஆங்கிலமும் துறைச் சொற்களும் தெரிந்தவர்களுக்குத்தான் மூலத்தோடு ஒத்துப் பார்க்க முடியும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவருக்குச் சுருக்கமாவது கிடைக்கட்டுமே என்று இன்னொரு மறுப்பு எழலாம். இதன் பின்னால் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்வதால் அதிகம் ஏமாறக்கூடியவர் அந்த மாணவர்தான், ஏனென்றால் தவறைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அவருக்குத்தான் குறைவு. அவர் கேட்க வேண்டியது சுருக்கத்தை அல்ல, பாலத்தை: "இந்தப் பத்தியின் ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்தையும் எழுதி, கீழே எளிய தமிழில் பொருள் சொல். துறைச் சொல்லைத் தமிழாக்காமல் அப்படியே வைத்து, ஓர் எடுத்துக்காட்டோடு விளக்கு. உனக்கு உறுதியில்லாத வாக்கியத்தின் பக்கத்தில் கேள்விக்குறி போடு." மூல வாக்கியம் கண்முன் இருப்பதால், நாளடைவில் அவரே ஆங்கிலத்தில் நேராகப் படிக்கப் பழகுவார். புரியாத இடத்தை ஆசிரியரிடம் விரல் வைத்துக் காட்டவும் முடியும். ஏ.ஐ. சொன்னது என்று சுருக்கத்தை நீட்டினால் ஆசிரியரால் என்ன செய்ய முடியும்? இந்த வாக்கியத்துக்கு இந்தப் பொருள் சரியா என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் தீர்த்துவைப்பார்.

படிக்கும் பழக்கமே போய்விடும் என்ற அச்சத்துக்கு வலுவான ஆதாரம் உண்டு. துருக்கியின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை வைத்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனையின் முடிவுகள் 2025இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதெமியின் இதழில் வெளிவந்தன. கணிதப் பயிற்சியின்போது ஒரு பிரிவினருக்குச் சாதாரணச் சாட்ஜிபிடி போன்ற வசதி. இன்னொரு பிரிவினருக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் வடிவமைத்த வசதி. மூன்றாம் பிரிவினருக்குப் புத்தகம் மட்டும். பயிற்சியில் முதல் பிரிவினரின் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது, இரண்டாம் பிரிவினருக்கு 127 சதவீதம். பிறகு ஏ.ஐ.யை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் பிரிவினர், ஏ.ஐ.யைத் தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்களிடம் இந்தச் சரிவு பெரும்பாலும் மறைந்துவிட்டது. அவர்கள் புத்தகம் மட்டும் படித்தவர்களை விஞ்சவும் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி உண்மையாகிவிடும். இரண்டு வசதிகளுக்கும் அடியில் இருந்தது ஒரே ஏ.ஐ. மாதிரிதான். அதற்கு முன்கூட்டியே இடப்பட்ட கட்டளை வேறு. அந்த வேறுபாடே ஒரு பிரிவைச் சரிவிலிருந்து காத்தது.

பாடம் படிக்கிறவருக்கு இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது: பதில் சொல்லும் வேலையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கேள்வி கேட்கும் வேலையை ஏ.ஐ.யிடம் கொடுத்துவிடலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டிய முடிவு இதற்குத் துணை நிற்கிறது. ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். ஆகவே பாடத்தின் பக்கங்களை ஏற்றி, "நான் இதைப் படித்துவிட்டேன். இந்தப் பக்கங்களிலிருந்து மட்டும் ஒவ்வொன்றாகக் கேள்வி கேள். நான் எழுதும்வரை விடையைச் சொல்லாதே. தவறாக எழுதினால் நான் மறுபடி படிக்க வேண்டிய பத்தி எது என்று மட்டும் காட்டு" என்று கேட்பது, பாடத்தைச் சுருக்கி வாங்குவதைவிடப் பலமடங்கு உழைக்க வைக்கும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கோ பல்கலைக்கழகத் தேர்வுக்கோ தயாராகிறவருக்கு அந்த உழைப்புதான் வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு இதற்கும் மேல் ஓர் ஆபத்து இருக்கிறது. கேட்பவரின் கருத்தோடு ஒத்துப்போகும் குணம் இந்தச் செயலிகளுக்கு உண்டு. ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023இல் ஐந்து செயலிகளைச் சோதித்தபோது அனைத்திலும் இந்தக் குணத்தைக் கண்டார்கள். "என் கருதுகோளை இந்தக் கட்டுரைகள் எப்படி ஆதரிக்கின்றன?" என்று கேட்டால் ஆதரவு எங்கிருந்தாவது வந்துசேரும். அதே பத்துக் கட்டுரைகளிடம், "இந்தக் கருத்துக்கு எதிராகப் போகும் முடிவுகள், எண்கள், எச்சரிக்கைகள் எந்தப் பக்கங்களில் உள்ளன? மேற்கோளோடு எடுத்துத் தா, இல்லையென்றால் இல்லை என்று சொல்" என்று கேட்கும் ஆய்வாளருக்கு, வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும். கருத்தைச் சொல்லாமல் கேட்பதும் நல்லது. தான் எந்தப் பக்கம் என்பதை வெளிக்காட்டாத கேள்விக்கு முகத்தாட்சணியம் குறைந்த பதில் வரும்.

எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்பதில் நம்மிடையே கவனம் போதவில்லை. வெளியிடப்பட்ட சட்டமும் அறிக்கையும் கட்டுரையும் பொதுச் சொத்து போல. குடும்பத்தின் கிரயப் பத்திரம், ஆதார் நகல், மருத்துவ அறிக்கை, கள ஆய்வில் பெயரோடு பதிவான நேர்காணல்கள் அப்படியல்ல. நேர்காணல் கொடுத்தவர் ஆய்வாளரை நம்பித்தான் பேசினார். அவருடைய ஒப்புதல் இல்லாமல் அதை ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்ப ஆய்வாளருக்கு உரிமை கிடையாது. மதிப்பாய்வுக்கு வந்த ஆய்வு விண்ணப்பங்களை ஏ.ஐ.யில் ஏற்றக் கூடாது என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2023 ஜூனிலேயே தடை விதித்துவிட்டது. அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று நமது நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. பெயர், கதவு எண், கையெழுத்து, சர்வே எண் ஆகியவற்றை நீக்கிவிட்டு, ஐயமுள்ள பத்தியை மட்டும் தட்டச்சு செய்து கேட்பது பல நேரங்களில் போதுமானது.

பல்கலைக்கழகங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்பது கவலை தருகிறது. கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிமுறைகள் ஒப்புமைச் சதவீதத்தை அளவுகோலாக வைத்தன: பத்து சதவீதம்வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாக. ஏ.ஐ. எழுதிய சுருக்கம் பெரும்பாலும் யாருடைய வாக்கியத்தையும் அப்படியே நகலெடுப்பதில்லை. படிக்கவே படிக்காத நாற்பது கட்டுரைகளை மேற்கோள் காட்டும் ஓர் அத்தியாயம், ஒப்புமையை அளக்கும் மென்பொருளில் சுத்தமாகத் தேறிவிடலாம். ஏ.ஐ. எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருட்களோ, சொந்தமாக எழுதிய மாணவரைக் குற்றவாளியாக்கும் அளவுக்குப் பிழைபடக்கூடியவை. இரண்டையும் விட்டுவிட்டு, மாணவர் ஏ.ஐ.யிடம் கேட்ட கேள்விகளையும், மூலத்தில் தாமே திறந்து பார்த்து உறுதிசெய்த இடங்களின் பக்க எண்களையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொல்லலாம். நெறியாளர் அதில் ஐந்து இடங்களைத் தம் விருப்பப்படி பொறுக்கி, மூலக் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவரிடம் கேட்க வேண்டும். இதற்கு எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. நெறியாளரின் ஒரு பிற்பகல் போகும்; அந்த ஒரு பிற்பகலை ஒதுக்கித் தர, ஒரே பேராசிரியரின் கீழ் எத்தனை ஆய்வு மாணவர்களைச் சேர்ப்பது என்பதில் கல்லூரிகள் கைவைக்க வேண்டியிருக்கும்.